எரிந்த கேசினோ, காலி ஹோட்டல், ஏழு பாட்டு: ‘மெஷின் ஹெட்’ உருவான விதம்

ஒரு ஆல்பம் எப்படிப் பதிவானது என்று தெரிந்துகொள்ள வழக்கமாகப் பழைய பேட்டிகளைத் துழாவ வேண்டும். டீப் பர்ப்பிள் குழுவின் ‘மெஷின் ஹெட்’ விஷயத்தில் அந்தச் சிரமமே இல்லை. ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு கிட்டத்தட்ட ஒரு போலீஸ் மகஜர். எந்த ஊருக்குப் போனார்கள், எதற்குப் போனார்கள், அங்கே யாருடைய கச்சேரி நடந்தது, தீ எப்படிப் பிடித்தது, உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை இழுத்து வந்தவர் யார், கடைசியில் எந்த இடத்தில் வேலை முடிந்தது, எல்லாம் அதில் வரிசையாக வந்துவிடும். பாட்டின் பெயர் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. ராக் இசையே கேட்காதவர்களுக்குக்கூட அதன் தொடக்கம் எங்கேயோ காதில் விழுந்திருக்கும்.

அந்த மகஜரால் ஒரு கோளாறும் வந்து சேர்ந்தது. 50 வருடங்களாக இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தீயிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கட்டடம் எரிந்தது, குழு தெருவுக்கு வந்தது, அந்தத் தவிப்பிலிருந்து ஒரு மகத்தான ஆல்பம் பிறந்தது என்று கதை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், ஆல்பத்தின் குணத்தைத் தீர்மானித்த முடிவுகள் பெரும்பாலும் தீக்கு முன்பே எடுக்கப்பட்டவை என்று தெரிகிறது. தீ இடத்தை மாற்றியது, ஒரு பாட்டைக் கொடுத்தது. அதற்கு மேல் அதற்குச் சேரவேண்டிய புகழ் இல்லை என்பது என் எண்ணம். அதனால் இங்கே தீக்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முந்தைய ஆல்பத்தில் பட்ட பாடு

டீப் பர்ப்பிள் 1968-இல் தொடங்கிய ஆங்கிலேயக் குழு. இங்கே நமக்கு வேண்டியது 1969-இல் அமைந்த ஐவர் அணி: பாட இயன் கில்லன், கிடாருக்கு ரிச்சி பிளாக்மோர், ஆர்கனுக்கு ஜான் லார்ட், பேஸுக்கு ரோஜர் குளோவர், டிரம்ஸுக்கு இயன் பெய்ஸ். இந்த அணி சேர்ந்த கையோடு, 1969 செப்டம்பரில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்கெஸ்ட்ராவுடன் உட்கார்ந்து லார்ட் எழுதிய ஒரு கான்செர்டோவை, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் செவ்வியல் உருப்படியை, வாசித்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் பேசின. பிளாக்மோருக்கு அது ஒத்துவரவில்லை. அடுத்தது முழுக்க ராக்காக இருக்க வேண்டும் என்று நின்றார். அப்படி வந்ததுதான் 1970-இன் ‘இன் ராக்’. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறி, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் 143-ஐத் தாண்டவில்லை.

அப்புறம் ‘ஃபயர்பால்’. 1970 செப்டம்பரில் ஆரம்பித்து 1971 ஜூன் வரை அது இழுத்தது. காரணம் எளிது: குழு எப்போதும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு பயணங்களுக்கு நடுவே நாலு நாள் கிடைத்தால் ஸ்டுடியோ, மறுபடி வண்டி. துண்டு துண்டாகத் தைத்த சட்டை மாதிரி ஒரு ஆல்பம். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் 32. கணக்கில் பார்த்தால் வெற்றிதான். ஆனால் குழுவுக்குள் திருப்தி இல்லை. பிளாக்மோருக்கு நிச்சயமாக இல்லை.

குறை எங்கே என்பதில் ஐவருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. மேடையில் இவர்கள் வேறு ஆள்கள். ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டு லார்ட் உறும வைப்பார். பிளாக்மோர் ஒன்று வாசித்தால் லார்ட் அதைப் பிடித்துத் திருப்பி அடிப்பார். பெய்ஸ் இருவரையும் துரத்துவார். ஸ்டுடியோவுக்குள் போனதும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தடுத்து, பஞ்சடைத்து, சத்தத்தைச் சுத்தம் செய்து எடுப்பார்கள். வெளியே வரும் பதிவில் அந்தத் துரத்தல் இருக்காது.

அதற்கு அவர்கள் கண்ட மருந்து இரண்டு. ஒன்று, ஸ்டுடியோவை விட்டுவிட்டு ஒரு நிஜமான கச்சேரி அரங்கில் மேடை போலவே நின்று வாசிப்பது. பதிவுக் கருவிகளை லாரியில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக்கொள்வது. இரண்டு, இந்த முறை இடைவெளிகளில் திருடாமல், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் ஒரே மூச்சில் முடிப்பது. மூன்றாவதாக ஒரு லௌகீகக் காரணமும் உண்டு. பிரிட்டனுக்கு வெளியே பதிவு செய்தால் வருமான வரியில் மிச்சம். கலைக் காரணங்களை மட்டும் சொல்லிவிட்டு இதை விழுங்கிவிடுவது நேர்மையாக இருக்காது.

பாட்டுகளும் சும்மா இல்லை. 1971 செப்டம்பர் 13 அன்று போர்ட்ஸ்மவுத் கச்சேரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பத்திரிகையாளர், பாட்டை எப்படித்தான் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பிளாக்மோர் கையில் இருந்த கிடாரில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க, கில்லன் அதன்மேல் கார், வேகம் என்று வாய்க்கு வந்ததைப் பாட, ‘ஹைவே ஸ்டார்’ உருவாயிற்று. அன்று ராத்திரியே மேடையிலும் வாசித்துவிட்டார்கள். அதே மாதம் ஜெர்மன் தொலைக்காட்சியில் அதை வாசித்த பதிவு இருக்கிறது. சொற்கள் இன்னும் உறையவில்லை, உடம்பு மட்டும் தயார். ‘லேஸி’யும் அந்த இலையுதிர் காலத்துக் கச்சேரிகளில் அடிபட்டு அடிபட்டு வடிவம் பெற்றதுதான்.

அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்கப் பயணம் ஒன்று இருந்தது. கில்லனுக்கு மஞ்சள் காமாலை வந்து பயணம் பாதியில் நின்றது. பணம் போனது. ஆனால் இரண்டு வருடமாகக் கிடைக்காத ஓய்வு கொஞ்சம் கிடைத்தது. டிசம்பர் மாதமும் காலியாக இருந்தது. கதை சொல்கிறவர்கள் தீயைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு இந்தக் காமாலையைப் பற்றிச் சொல்வதில்லை.

மோந்த்ரோ

இடம் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக் கரையில் உள்ள மோந்த்ரோ. அங்கே 1967 முதல் ஜாஸ் விழா நடத்திவந்த குளோட் நோப்ஸ் குழுவுக்கு ஏற்கெனவே பழக்கம். விழா நடக்கும் கேசினோ அரங்கம் குளிர்காலத்துக்கு மூடப்படும். மூடிய அரங்கைப் பல நாள்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். லாரிக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோவை வாடகைக்குப் பேசினார்கள். ஒலிப்பதிவுப் பொறுப்பு மார்ட்டின் பர்ச்சுக்கு. முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் கூட இருந்தவர், பின்னாளில் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்தவர். இதில் தயாரிப்பாளர் என்று தனியாக யாரும் கிடையாது. குழுவே தயாரிப்பு.

டிசம்பர் முதல் வாரத்தில் வந்து இறங்கினார்கள். கேசினோவில் குளிர்கால மூடலுக்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி: டிசம்பர் 4, சனிக்கிழமை, அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய குழுவான மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷனும். அது முடிந்ததும் அரங்கம் இவர்கள் கைக்கு வரும். டீப் பர்ப்பிள்காரர்களும் பார்வையாளர்களாகப் போனார்கள்.

கச்சேரியின் பின்பகுதியில், சின்தசைசர் தனி வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் யாரோ ஒருவர் சமிக்ஞைச் சுடர் விடும் ஃபிளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பிரம்பால் அலங்கரிக்கப்பட்டது. பற்றிக்கொண்டது. முதலில் யாரும் அதிகம் பதறவில்லை. ஸாப்பா மேடையிலிருந்து நிதானமாக வெளியேறச் சொன்னார், ஜனமும் நகரத் தொடங்கியது. பிறகு தீ வேகம் பிடித்தது, கண்ணாடிச் சுவர்களை உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டிய நிலை வந்தது. நோப்ஸ் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். காயம்பட்டவர்கள் உண்டு, உயிர்ப்பலி இல்லை. கட்டடத்தின் கதியைப் பார்த்தால் இது நம்ப முடியாத விஷயம். ஸாப்பா குழுவின் கருவிகள் சாம்பல். அவருக்கு அந்த வாரம் அதோடு முடியவில்லை. ஆறு நாள் கழித்து லண்டனில் ஒருவன் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான். பல மாதம் சக்கர நாற்காலி. டீப் பர்ப்பிளின் பாட்டில் அவர் ஒரு வரியில் வந்து போகிறார், ஆனால் அந்த டிசம்பரில் உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்தவர் அவர்தான்.

மலையிலிருந்து அடித்த காற்றில் புகை ஏரிமேல் படர்ந்தது. டீப் பர்ப்பிள் குழு ஹோட்டல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. லாரி தப்பியது. அரங்கம் போய்விட்டது.

ஒரு ராத்திரி, ஒரு டேக்

மறுநாளே நோப்ஸ் மாற்று இடம் தேட ஆரம்பித்துவிட்டார். இந்த மனிதருக்கு ஆல்பத்தைக் காணிக்கையாக்கியது மரியாதைக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் அரங்கம் எரிந்த மறுநாள் வாடகைக்கு வந்தவர்களின் வேலை நிற்கக்கூடாது என்று ஓடுகிறவர்கள் அபூர்வம்.

முதலில் கிடைத்தது ஊருக்குள் இருந்த பெவிலியன் என்ற பழைய அரங்கம். கருவிகளை ஏற்றி, மைக் வைத்து, ராத்திரி வாசிக்கத் தொடங்கினார்கள். கையில் பிளாக்மோர் கொண்டுவந்த ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னக் கிடார்த் துண்டு. பாட்டுக்குப் பெயர்கூட இல்லை, டேப் பெட்டியில் ‘தலைப்பு எண் 1’ என்று எழுதிவைத்தார்கள். சுற்றி வீடுகள். ஊர் தூங்கும் நேரத்தில் மார்ஷல் அடுக்குகள் முழங்கினால் என்ன ஆகும்? போலீஸ் வந்தது. அப்போது நல்ல டேக் (ஒரே மூச்சில் எடுக்கும் பதிவு) ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் உதவியாளர்கள் உள்ளே இருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள் என்று குளோவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டேக் முடிந்தது, கதவு திறந்தது, குழு வெளியே போனது. பெவிலியனில் உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரு பதிவுதான்.

அந்த ரிஃபைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நம் காதுக்குச் சொல்வதானால், ஜி-யை சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு ச-க-ம. இரண்டாவது ச-க-ம-ம. மூன்றாவது மறுபடி ச-க-ம, உடனே க-ச என்று இறக்கம். காந்தாரம் சாதாரணம். இரண்டாவது துண்டில் வரும் இரட்டை மத்யமத்தில் முதலாவது பிரதி, அடுத்தது சுத்தம். இரண்டு மத்யமத்தையும் ஒட்டி வைப்பது நமக்குக் கொஞ்சம் உறுத்தும். ப்ளூஸில் அதுதான் உப்பு. ஆக மொத்தம் நாலே ஸ்வர ஸ்தானம். ஒவ்வொரு ஸ்வரத்தோடும் ச-ம இடைவெளியில் கீழே இன்னொன்று சேர்ந்து ஒலிக்கிறது. பிளாக்மோர் அந்த இரண்டு கம்பிகளையும் பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) இல்லாமல் விரலால் ஒரே சமயத்தில் சுண்டுகிறார். பழகுகிறவர்களில் பெரும்பாலோர் பிக்கால் ஒற்றைக் கம்பியில் இழுக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் வாசிப்பில் ஏதோ குறைகிறது. எனக்கும் வருடக்கணக்காகக் குறைந்தது, யாரோ விரலைக் காட்டிக்கொடுக்கும் வரை.

ஆனால் பதிவில் பெரிய கெட்டிக்காரத்தனம் அடுக்குவதில் இருக்கிறது. கிடார் தனியாக வருகிறது. பிறகு டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத் தட்டான ஹை-ஹாட்டும், கிடார் போலவே கரகரக்கும் ஆர்கனும். பிறகு மற்ற டிரம்ஸ். பேஸ் கடைசியில்தான் உள்ளே வருகிறது. பேஸ் வந்தவுடன் தரை நடுங்குவது போல இருப்பதற்குக் காரணம், அதுவரை நமக்குத் தரையே தரப்படவில்லை.

குளிரில் உறைந்த கிராண்ட் ஹோட்டல்

அடுத்துக் கிடைத்தது ஊரின் ஓரத்தில், டெரிட்டேவில் இருந்த கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்தது. ஆளில்லை, சூடில்லை. தொழிற்சாலைகளில் வைக்கும் பெரிய வெப்ப ஊதிகளைக் கொண்டுவந்தார்கள். நடைக்கூடத்தின் ஒரு பகுதியை மெத்தைகளால் அடைத்து வாசிக்கும் இடமாக்கினார்கள். வெளிச்சத்துக்குச் சிவப்பு பல்புகள். லாரி வாசலில்.

மேடைச் சூழலுக்காக ஸ்டுடியோவை விட்டு வந்தவர்கள் கடைசியில் ஒரு ஹோட்டல் நடையில் மெத்தைகளுக்கு நடுவே நின்று வாசித்தார்கள். அசல் திட்டம் அரங்கத்தின் பெரிய எதிரொலிக்காகத் தீட்டப்பட்டது. அது கிடைக்கவே இல்லை. ஆனால் திட்டத்தின் மறுபாதி, ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து வாசிப்பது, சேதமில்லாமல் தப்பியது. ஆல்பத்தைக் கேட்டால் அறை சின்னது என்று தெரிகிறது. டிரம்ஸ் காதுக்கு ரொம்பப் பக்கத்தில், உலர்ந்து, மரக்கட்டை போலத் தட்டுகிறது. அந்தக் காலத்து மற்ற கன ராக் ஆல்பங்களில் மாடிப்படியில் டிரம்ஸ் வைத்துப் பிரம்மாண்டம் தேடினார்கள். இங்கே பிரம்மாண்டமே இல்லை, இறுக்கம்தான்.

அந்த இறுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நான் தீயைவிட முக்கியமாக நினைக்கிறேன். பதிவானதைக் கேட்க வேண்டுமென்றால் லாரிக்குப் போக வேண்டும். லாரிக்குப் போக, இடையில் அடைத்திருந்த வழிகளைச் சுற்றி, படுக்கையறைகள் வழியாக, பால்கனி தாண்டி, பனி கிடக்கும் முற்றத்தில் இறங்கி நடக்க வேண்டும். இரண்டு முறை போய்வந்ததும் எல்லோருக்கும் சலித்துவிட்டது. பிளேபேக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். வாசித்து முடித்ததும், சரியாக வந்தது என்று தங்களுக்கே தோன்றினால் அடுத்த பாட்டு.

ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பிளேபேக் என்பது வாசித்தவரைக் கேட்பவராக மாற்றிவிடும். கேட்பவருக்கு உடனே தவறு தெரியும். ஹை-ஹாட் கொஞ்சம் தள்ளி விழுந்தது, அந்த இரண்டாவது வளைவில் சுருதி இறங்கியது என்று ஆரம்பிக்கும். இன்னொரு டேக், இன்னொரு டேக். பதினைந்தாவது டேக்கில் தவறு ஒன்றும் இருக்காது, உயிரும் இருக்காது. மோந்த்ரோவில் அந்தப் பொறிக்குள் விழ அவர்களுக்குச் சோம்பலாக இருந்தது. கிடார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ் நாலும் ஒன்றாக விழுந்தன. குரலும் சில தனி வாசிப்புகளும் அதன்மேல் ஏறின.

உறையில் அச்சிட்ட தேதிகள் 1971 டிசம்பர் 6 முதல் 21 வரை. ‘ஃபயர்பால்’ பத்து மாதம் இழுத்த இடத்தில் இது பதினாறு நாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

என்ன வாசித்தார்கள்

‘ஹைவே ஸ்டார்’ முதலில். அதன் கிடார் தனி வாசிப்பு பிளாக்மோர் வீட்டிலேயே ஸ்வரம் ஸ்வரமாக எழுதித் தயார் செய்துகொண்டு வந்தது. அவர் வழக்கமாக அந்த நேரத்துக்குத் தோன்றுவதை வாசிக்கிறவர், இதற்கு மட்டும் விதிவிலக்கு. டி மைனர், ஜி மைனர், சி, ஏ என்று உருளும் நாண்களை (கார்டுகளை) ஜெர்மன் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வரும் லார்டின் ஆர்கன் வாசிப்பும் அதே தேவாலய வாசனையோடுதான் இருக்கும். பின்னாளில் ஐரோப்பிய செவ்வியல் ஓட்டங்களை மின்னல் வேகத்தில் வாசிக்கும் கிடார்காரர்கள் ஒரு பரம்பரையாகவே வந்தார்கள். அவர்களில் பலர் இந்தப் பாட்டில்தான் பாடம் படித்தார்கள்.

‘மேபி ஐம் எ லியோ’ குளோவருடைய ரிஃப். தாளத்தின் முதல் அடியில் ஆரம்பிக்காமல் கொஞ்சம் தள்ளி எடுக்கும். நம் ஊர் ஆள்கள் இதைக் கேட்டால் உடனே எடுப்பு எங்கே என்று கை போட ஆரம்பிப்பார்கள். ஐவரில் சிம்ம ராசிக்காரர் கில்லன். ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பெய்ஸின் டிரம்ஸோடு திறந்து, நடுவில் குளோவருக்கு ஒரு குட்டி பேஸ் தனியாவர்த்தனம் தருகிறது. என் கணக்கில் ஆல்பத்தின் மிகவும் கவனிக்கப்படாத பாட்டு அதுதான்.

‘லேஸி’ ஏழு நிமிடத்துக்கு மேல். பாட வேண்டிய வரிகள் கொஞ்சம், வாசிப்புதான் அதிகம். ஆர்கனை லார்ட் முதலில் கசக்கிப் பிழிந்துவிட்டு, மெல்ல ஒரு ப்ளூஸ் நடைக்கு இழுத்து வருவார். கில்லன் ஹார்மோனிகாவும் ஊதுகிறார். ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நாலரை நிமிட வேடிக்கை. மேடையில் அதையே இருபது நிமிடத்துக்கு இழுத்து அடித்தார்கள். ‘நெவர் பிஃபோர்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழகாகச் செதுக்கிய, மறந்துவிடக்கூடிய பாட்டு. ஆனால் அது மறுபடி கதைக்குள் வரப்போகிறது, பொறுங்கள்.

வேலை முடிகிற சமயத்தில் ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைந்தன. பெவிலியனில் எடுத்த ‘தலைப்பு எண் 1’ ஞாபகம் வந்தது. தீ நடந்து சில நாள் கழித்து ஒரு காலையில் தூக்கம் கலையும்போது குளோவர் வாயில் தானாக ஒரு சொற்றொடர் வந்திருந்தது: ஏரிமேல் புகை. கில்லனிடம் சொன்னபோது, போதைப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். இப்போது இரண்டும் ஒன்று சேர்ந்தன. தங்களுக்கு அந்த இரண்டு வாரத்தில் நடந்ததை அப்படியே வரிசையாக எழுதிப் பாடிவிட்டார்கள். இதற்கு மேல் யோசிக்க நேரமில்லாததுதான் அந்த மகஜர் நடைக்குக் காரணம்.

எட்டாவதாக ஒரு பாட்டும் பதிவானது. ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’, மெதுவான ப்ளூஸ். பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. ஆல்பத்தில் இடமில்லை.

உறையும் வெளியீடும்

‘மெஷின் ஹெட்’ என்றால் கிடாரின் தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் திருகாணி. பெயரை ஒரு பளபளப்பான உலோகத் தகட்டில் அச்சாக அடித்து, தகட்டில் விழுந்த ஐவரின் பிம்பத்தை ஷெப்பர்ட் ஷெர்பெல் படம் பிடித்தார். முகங்கள் நெளிந்து, உருகி வழிவது போல இருக்கும். கணினியில் எதையும் நெளிக்க முடிகிற இன்றைய உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அது நிற்கிறது.

1972 மார்ச்சில் ஆல்பம் வெளிவந்தது. பிரிட்டனில் குழுவின் சொந்த முத்திரையான பர்ப்பிள் ரெக்கார்ட்ஸ், அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் 7-ஆம் இடம் வரை ஏறி, இரண்டு வருடத்துக்கு மேல் பட்டியலை விட்டு இறங்கவில்லை. 143, 32, 7 என்ற வரிசையே போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, எதைப் போட்டார்கள்? ‘நெவர் பிஃபோர்’. குழுவும் கம்பெனியும் வானொலிக்கு ஏற்றது அதுதான் என்று நம்பினார்கள். பிரிட்டனில் 35-ஆம் இடத்தோடு அது நின்றுவிட்டது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ யார் கண்ணிலும் சிங்கிளாகப் படவில்லை. ஏறக்குறைய ஆறு நிமிடம், மெதுவான நடை, ஒரு சுவிஸ் ஊரில் நடந்த தீவிபத்து பற்றிய விவரம். காகிதத்தில் பார்த்தால் நானும் அதைத் தள்ளிவைத்திருப்பேன்.

அது ஒரு வருடத்துக்கு மேல் ஆல்பத்துக்குள்ளேயே கிடந்தது. இடையில் 1972 ஆகஸ்ட்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகள் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற இரட்டை ஆல்பமாக வந்தன. கேட்டவர்கள் திரும்பிப்போய் ஸ்டுடியோப் பதிவைத் தேடினார்கள். 1973 மே மாதம் வார்னர் பாட்டை வெட்டிச் சுருக்கி சிங்கிளாக்கியது. அமெரிக்காவில் 4-ஆம் இடம். ஆல்பமும் மறுபடி விற்றது.

அந்த வெற்றி வந்த நேரத்தைப் பாருங்கள். கில்லன் ஏற்கெனவே விலகல் கடிதம் கொடுத்திருந்தார். அவருக்கும் பிளாக்மோருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப் போயிருந்தது. ஓய்வே இல்லாத பயணங்கள் மீதியைத் தின்றுவிட்டன. 1973 ஜூன் 29-இல் ஒசாகாவில் கடைசிக் கச்சேரி, கில்லனும் குளோவரும் போய்விட்டார்கள். அமெரிக்க வானொலி அந்தக் குரலை நாள் முழுக்க ஒலிபரப்பிக்கொண்டிருந்த கோடையில் குழுவில் அந்தக் குரலே இல்லை. ஐந்து பேரை ஒரு குளிர்ந்த நடையில் இரண்டு வாரம் அடைத்துப் போட்டது ஆல்பத்துக்கு நல்லது செய்தது. அதே ஐந்து பேரை அடுத்த ஒன்றரை வருடம் விமானத்திலும் ஹோட்டலிலும் சேர்த்தே வைத்திருந்தது எதற்கும் நல்லதாகவில்லை. 1984-இல்தான் இந்த அணி மறுபடி ஒரு ஆல்பத்துக்காக ஒன்றுகூடியது.

கேசினோவை மறுபடி கட்டி 1975-இல் திறந்தார்கள். அந்த நடமாடும் ஸ்டுடியோ லாரி இப்போது கனடாவின் கால்கரியில், தேசிய இசை மையத்தில் நிற்கிறது.

ஒதுக்கிவைத்த எட்டாவது பாட்டு ‘நெவர் பிஃபோர்’ சிங்கிளின் மறுபக்கத்தில் போனது. முன்பக்கமே விற்காத தட்டின் பின்பக்கம். பிளாக்மோர் இருந்தவரை மேடையில் அதற்கு வாய்ப்பில்லை. 1972 ஏப்ரலில் அவர் உடம்பு சரியில்லாமல் படுத்து, வேறொருவர் கிடார் பிடித்த ஒரு கனடியக் கச்சேரியில் கில்லன் அதைப் பாடினார். 1993-இல் பிளாக்மோர் ஒரேயடியாக விலகியபின் கச்சேரிகளில் அது நிரந்தர இடம் பிடித்தது. 1997-இல் ஆல்பத்தின் 25-ஆம் ஆண்டுப் பதிப்பை குளோவர் மறுபடி மிக்ஸ் செய்தபோது, அதையும் உள்ளே சேர்த்துவிட்டார்.